'சைடில்' என்னும் ஆங்கில வினை: பக்கவாட்டில் நகர்வது மட்டும்தானா?

ஆங்கிலக் கதை ஒன்றில் 'ஹி சைடில்ட் அப் டு ஹெர்' என்ற வாக்கியத்தைக் கண்ட வாசகர் ஒருவர் அகராதியைப் பார்த்திருக்கிறார். 'பக்கவாட்டில் நகர்' என்று அதில் இருந்திருக்கிறது. கதையிலோ அந்த ஆள் நண்டு நடை நடந்ததாக எங்கும் தெரியவில்லை. அப்படியானால் இந்த வினைக்கு உண்மையில் என்ன பொருள், பேருந்து இருக்கையில் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்வதற்கும் சாலையில் வண்டி ஒதுங்குவதற்கும் இதைப் பயன்படுத்தலாமா என்பது அவருடைய கேள்வி.

அகராதி சொன்னது தவறில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'சைடில்' என்ற வினை உடலின் அசைவோடு நின்றுவிடுவதில்லை. நகர்பவருடைய தயக்கத்தையோ உள்நோக்கத்தையோ அது சேர்த்தே சொல்கிறது. அதைக் கவனித்துவிட்ட ஒருவரின் கணிப்பும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் நேராக வந்து எதிரில் நின்று பேசியிருக்கலாம், அப்படிச் செய்யாமல், ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போல மெல்ல ஒட்டி வந்து பக்கத்தில் நின்றார் என்பதே மேற்கண்ட வாக்கியத்தின் பொருள். அவருடைய தோள் முன்னே வந்ததா, மார்பு முன்னே வந்ததா என்பது பெரும்பாலும் முக்கியமே இல்லை.

முதலில் எழுத்தையும் ஒலிப்பையும் பற்றி ஒரு சொல். எஸ், ஐ, டி, எல், ஈ என்ற ஐந்து எழுத்துகள். சோம்பி இருப்பதைக் குறிக்கும் 'ஐடில்' என்ற சொல்லோடு எதுகை பொருந்தும்படி ஒலிக்க வேண்டும். தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வேடிக்கையான இடைஞ்சல் உண்டு. நாம் அன்றாடம் 'சைடில் நிறுத்து', 'சைடில் உட்கார்' என்று சொல்வது 'சைடு' என்ற பெயரோடு நம்முடைய ஏழாம் வேற்றுமை உருபைச் சேர்த்துச் சொல்வது. அதற்கும் இந்த ஆங்கில வினைக்கும் தொடர்பு முதல் அசையோடு முடிந்துவிடுகிறது. இன்னொரு குழப்பம் பார்வையில் நேர்வது. 'ஸ்லைடு', அதாவது வழுக்கிச் செல்வது என்ற வினையிலும் இதே ஐந்து எழுத்துகள்தாம் இருக்கின்றன. எல் மட்டும் இடம் மாறியிருக்கிறது. வேகமாகப் படிப்பவர்கள் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டு, பனியில் வழுக்கிக்கொண்டே ஒருவர் வந்து சேர்ந்ததாகக் காட்சியைக் கற்பனை செய்துகொள்வது உண்டு.

இந்தச் சொல் பிறந்த விதத்தைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். ஆங்கிலத்தில் முதலில் இருந்தது இந்த வினை அன்று. 'பக்கவாட்டாக' என்று பொருள்படும் 'சைட்லிங்' என்ற பழைய வினையடை. அதன் கடைசியில் உள்ள 'லிங்' என்பது திசையையோ நிலையையோ காட்டுவதற்காக ஒரு காலத்தில் வழங்கிய பின்னொட்டு. அது வழக்கொழியத் தொடங்கியபோது, இறுதியில் 'இங்' என்ற ஒலி இருப்பதைக் கேட்ட மக்கள் அதைத் தொடர்நிகழ்கால வடிவம் என்று எடுத்துக்கொண்டார்கள். 'சைட்லிங்' என்பது ஒருவர் செய்துகொண்டிருக்கும் செயல் என்றால், அதற்கு ஒரு மூல வினை இருக்கத்தானே வேண்டும்? அப்படி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், வாலை நறுக்கி எடுத்ததால் கிடைத்ததே 'சைடில்'. 'எடிட்டர்' என்ற பெயரிலிருந்து 'எடிட்' என்ற வினையும், திருடனைக் குறிக்கும் 'பர்க்ளர்' என்ற பெயரிலிருந்து 'பர்கிள்' என்ற வினையும் பின்னால் பிறந்தது இதே வழியில்தான். கடைக்கண் பார்வையைச் சொல்லும்போது வருகிற 'சைட்லாங்' என்ற சொல்லும் அந்தப் பழைய வினையடையின் திரிபே. எனவே அந்தப் பார்வையும் இந்த நடையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இதைவிடச் சுவையானது 'க்ரொவெல்' என்ற வினையின் கதை. குப்புற, முகம் தரையில் படும்படி என்ற பொருளில் 'க்ரொவெலிங்' என்றொரு வினையடை முன்பு இருந்தது. அதையும் தொடர்நிகழ்காலம் என்று எண்ணி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'க்ரொவெல்' என்ற வினையைப் பிரித்தெடுத்தார்கள். தொடக்கத்தில் அது உடல் கிடக்கும் நிலையை மட்டும் சொன்னது. இன்று அதற்கு முதன்மைப் பொருள், மானத்தை விட்டுக் காலில் விழுந்து கெஞ்சுவது. அலுவலகத்தில் மேலாளரிடம் ஒருவர் க்ரொவெல் செய்தார் என்றால் அவர் உண்மையிலேயே தரையில் விழுந்தார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'சைடில்' சென்ற வழியும் ஏறக்குறைய இதுவே, ஆனால் அந்த அளவுக்கு முழுதாகப் போய்விடவில்லை. உடல் நிலையும் மன நிலையும் இதில் இன்னும் ஒன்றாகவே ஒட்டியிருக்கின்றன. சூழலைப் பொறுத்து ஒன்று மேலோங்கும், மற்றொன்று அடங்கும். மிரண்ட குதிரை ஒன்று நின்ற இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் விலகி விலகிப் போவதை இந்த வினையால் சொல்லும்போது இரண்டும் சம அளவில் வந்து பொருந்துகின்றன: அசைவும் பக்கவாட்டு அசைவு, காரணமும் அச்சம்.

கள்ளத்தனமான நகர்வைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு வினைகளும் இருக்கும்போது இதற்கென்று தனியிடம் ஏது என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த வரையில், இந்தச் சொல்லின் நுட்பம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. 'ஸ்னீக்' என்றால் பிறர் கண்ணில் படாமல் போவது. பட்டுவிட்டால் காரியம் கெட்டுப்போகும். 'ஸ்லிங்க்' என்பதில் குற்ற உணர்ச்சியோ வெட்கமோ இருக்கும். அடிபட்ட நாய் வாலை மடக்கிக்கொண்டு விலகுவதற்கு அது பொருந்தும். 'க்ரீப்' என்பது தாழ்ந்து, மெதுவாக, ஓசையில்லாமல் நகர்வது. 'சைடில்' செய்பவரோ மறைந்து போவதில்லை. அவர் எல்லோருடைய கண்ணெதிரிலும்தான் நகர்கிறார். அவர் விரும்புவதெல்லாம், தான் நகர்வதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான். திருமண வரவேற்பில் யாரோ ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். அவரிடம் சிபாரிசு கேட்க வேண்டிய ஒருவர், பழச்சாற்றுக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூட்டத்தினூடே ஓரடி ஈரடியாக நகர்ந்து அந்தப் பெரியவரின் முழங்கைக்கு அருகில் போய் நிற்கிறார். இதை ஆங்கிலத்தில் சொல்ல 'சைடில்ட் அப் டு' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 'ஸ்னீக்' போட்டால் அவர் திருடனாகிவிடுவார். 'வாக்' போட்டால் முகம் திருப்பிய நாடகம் முழுவதும் காணாமல் போய்விடும்.

இதிலிருந்து ஒரு பயன்பாட்டு உண்மையும் புலப்படும். இந்த வினை பெரும்பாலும் பிறரைப் பற்றிச் சொல்வதற்கானது. கதைசொல்லியோ பார்வையாளரோ இன்னொருவரின் நாடகத்தைக் கண்டுகொண்டதாகத் தெரிவிக்கும் சொல் இது. தன்னைப் பற்றி ஒருவர் 'ஐ சைடில்ட்' என்று சொன்னால் தன்னையே கொஞ்சம் கேலி செய்துகொள்கிறார் என்று பொருள். வேலைக்கான நேர்காணல் அனுபவத்தை எழுதும்போது, அழகான சொல்லாயிற்றே என்று, தேர்வுக் குழுவினரை நோக்கி 'சைடில்' செய்து போனதாக ஒருவர் எழுதினால், படிப்பவர் அவர் ஏதோ மறைக்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார். செய்தித்தாள்களிலும் இது நடுநிலையான சொல் அன்று. ஓர் அரசியல்வாதி மாற்றுக் கட்சியின் பக்கம் 'சைட்லிங் அப்' செய்கிறார் என்று எழுதும் செய்தியாளர், அவர் வெளிப்படையாக அறிவிக்காமல் ஒட்டப் பார்க்கிறார் என்ற குத்தலை வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்.

இனி இதனோடு வரும் சிறு சொற்கள். 'அப் டு' என்பதே இதன் நெடுநாள் துணை. இங்கே 'அப்' என்பதற்கும் மேலே ஏறுவதற்கும் தொடர்பில்லை. ஒருவரை மிக அருகில் நெருங்கிவிட்டதை அது காட்டுகிறது. 'ஓவர் டு' வந்தால் இங்கிருந்து அங்கே கடந்து போனது. 'பாஸ்ட்' வந்தால் ஒருவரை ஒட்டிக் கடந்து போனது. 'அலாங்' வந்தால் சுவரையோ விளிம்பையோ ஒட்டியே போனது. 'அவுட் ஆஃப்', 'அவே' வந்தால் நழுவி வெளியேறியது. நகரும் விதத்தை வினையும், நகரும் வழியை அதன் பின்னே வரும் சிறு சொல்லும் பங்கிட்டுக்கொள்வது ஆங்கிலத்தின் பொதுவான போக்கு. லென்னர்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்திக் காட்டியது பெயர் பெற்ற ஆய்வு. தமிழில் பங்கீடு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். நுழை, வெளியேறு, நெருங்கு, கட, ஏறு, இறங்கு என்று வழியை நம் முற்றுவினை சொல்லிவிடும். விதத்தை அதற்கு முன்னால் வரும் வினையெச்சம் சொல்லும். 'பதுங்கி நுழைந்தான்', 'ஒதுங்கிக் கடந்தான்', 'நொண்டிக்கொண்டே வந்தான்' என்ற தொடர்களில் இதைக் காணலாம். எனவே 'சைடில்' என்ற ஒரே வினைக்கு ஒரே தமிழ் வினையைத் தேடுபவருக்குக் கிடைக்காது. கிடைக்காதது தமிழின் குறையும் அன்று.

இந்தச் சொல்லுக்குக் கள்ளத்தனமோ கூச்சமோ சிறிதும் இல்லாத ஒரு வாழ்க்கையும் உண்டு, அது நியூசிலாந்தில். அங்கே முதுகில் பையைச் சுமந்துகொண்டு மலைக்காடுகளில் நாள்கணக்கில் நடப்பதை 'ட்ராம்பிங்' என்கிறார்கள். அந்த நடையர்களின் பேச்சிலும், வழித்தடங்களைப் பற்றிய கையேடுகளிலும், அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை வெளியிடும் தடக் குறிப்புகளிலும் 'சைடில்' சாதாரணமாகப் புழங்கும் தொழிற்சொல். மலையின் உச்சிக்கு ஏறாமலும் அடிவாரத்துக்கு இறங்காமலும், ஏறத்தாழ ஒரே உயரத்தில், சரிவின் குறுக்காக நடந்து சுற்றிச் செல்வதை அது குறிக்கிறது. ஆற்றங்கரையில் செங்குத்தான பாறை குறுக்கிட்டால் அதற்கு மேலே சற்று ஏறி, சரிவோடு சரிவாகப் போய், பாறை முடிந்த பிறகு மீண்டும் ஆற்றுக்கு இறங்க வேண்டும். அப்படிப்பட்ட பகுதியைத் தடக் குறிப்பு 'த ட்ராக் சைடில்ஸ் அரௌண்ட் த பிளஃப்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். பிற ஆங்கில நாடுகளின் மலையேறிகள் இதே இடத்தில் 'ட்ராவெர்ஸ்' அல்லது 'கான்டூர்' என்ற சொல்லைப் போடுவார்கள். நியூசிலாந்தில் இது பெயர்ச்சொல்லாகவும் வரும்: நீண்ட சைடில், வழுக்கும் சைடில் என்று சொல்வார்கள். ஒரு காலைத் தாழ்வாகவும் மறுகாலை உயரமாகவும் ஊன்றி, மண் சரியும் சாய்வில் மணிக்கணக்கில் நடப்பது எவ்வளவு களைப்பைத் தரும் என்பது மலைச்சரிவில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த நாட்டுக் குறிப்பில் இந்தச் சொல்லைக் கண்டால் சமதள நடை என்று ஏமாந்துவிடக் கூடாது. சரிவான நிலத்தை 'சைட்லிங்' என்று சொல்லும் பழைய வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து, பென்சில்வேனியா மாநிலங்களினூடே நீளும் மலைத்தொடர் ஒன்றுக்கு 'சைட்லிங் ஹில்' என்றே பெயர்.

பேருந்து இருக்கைக் கேள்விக்கு வருகிறேன். மூவர் அமரும் இருக்கையில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதற்கு இந்த வினை அறவே உதவாது. அங்கே 'மூவ் ஓவர்' என்பதே போதும். நட்பாகச் சொல்ல அமெரிக்காவில் 'ஸ்கூட் ஓவர்' என்றும் இங்கிலாந்தில் 'பட்ஜ் அப்' என்றும் சொல்வார்கள். நம் ஊரில் எல்லாரும் சொல்கிற 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்பது இந்திய ஆங்கிலத்தில் நன்றாகவே செல்லுபடியாகும், வெளிநாட்டில் எதை அட்ஜஸ்ட் செய்வது என்று விழிப்பார்கள். இந்த வினையை ஏவலாகப் பயன்படுத்துவதே அரிது. யாரிடமும் 'தற்செயலாக வந்தவர் போல வந்து நில்லுங்கள்' என்று, நாடக ஒத்திகையைத் தவிர வேறெங்கும் நாம் கேட்பதில்லை அல்லவா?

வண்டிகளுக்கும் பொதுவாக இது பொருந்தாது. திடீரென்று ஒரு பக்கம் ஒடித்துத் திருப்பினால் 'ஸ்வெர்வ்'. போகும் திசையிலிருந்து விலகினால் 'வீர்'. சக்கரம் பிடிமானம் இழந்து இழுத்துக்கொண்டு போனால் 'ஸ்கிட்'. குறுக்குக் காற்றில் இறங்கும் விமானம், காற்று வரும் பக்கமாக மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓடுபாதையை நோக்கிச் சாய்வாக வருவதை விமானிகள் 'க்ராப்' என்கிறார்கள். நண்டின் பெயரையே வினையாக்கிவிட்டார்கள். பங்குச் சந்தையில் விலை ஏறாமலும் இறங்காமலும் கிடப்பதை நம் முதலீட்டாளர்களும் 'மார்க்கெட் சைடுவேஸில் இருக்கிறது' என்பார்கள்; அங்கேயும் 'சைடில்' வருவதில்லை. ஆனால் கார் ஒன்று நடைபாதையில் நடந்துபோகும் ஒருவரின் அருகே, அவர் கவனிக்காதபடி மெல்ல ஊர்ந்து வந்து நின்றது என்றால், அதற்கு இந்த வினையைத் தாராளமாகப் போடலாம். ஏனென்றால் அங்கே நாம் சொல்வது காரைப் பற்றி அன்று, அதை ஓட்டுபவரின் எண்ணத்தைப் பற்றி. நண்டுக்கும் இதே விதிதான். நண்டு விரைந்து ஓடுவதை ஆங்கிலத்தில் இயல்பாக 'ஸ்கட்டில்' என்பார்கள். 'சைடில்' போட்டால் அந்த நண்டுக்கு ஏதோ கூச்சமோ தந்திரமோ இருப்பதாக ஒரு கண்சிமிட்டல் சேர்ந்துவிடும்.

உறவுச் சொற்களில் இன்னும் மூன்றைச் சொல்லாமல் விட முடியாது. 'எட்ஜ்' என்பது சிறிது சிறிதாக நகர்வது. அதில் எச்சரிக்கை உண்டு, நடிப்பு இல்லை. 'சைட்ஸ்டெப்' என்பது எதிரில் வருவதைத் தவிர்க்க ஓரடி விலகுவது. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் தப்புவதற்கு அது பெரிதும் பயன்படுகிறது, செயப்படுபொருளையும் நேரடியாக ஏற்கும். 'சஷே' என்பது பிரெஞ்சு நடனத்தின் 'ஷாஸ்ஸே' என்ற அடவுப் பெயர் அமெரிக்க நாக்கில் புரண்டு உருவான சொல். நடனத்தில் அது பக்கவாட்டு அடிவைப்பு, பொதுப் பேச்சில் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒயிலாக நடப்பது. இரண்டும் பக்கவாட்டு அசைவிலிருந்து கிளம்பியவை என்றாலும், 'சஷே' பார்வையை இழுக்க விரும்புகிறது, 'சைடில்' பார்வையைத் தட்டிவிட விரும்புகிறது.

எழுதும்போது நேரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றிய வினை. 'ஹி சைடில்ட் மீ' என்றோ 'சைடில்ட் அப் மீ' என்றோ எழுதக் கூடாது, 'அப் டு மீ' என்றே வர வேண்டும். 'சைடில்ட் சைடுவேஸ்' என்பது கூறியது கூறல். 'குவிக்லி', அதாவது விரைவாக, என்ற வினையடையை இதோடு சேர்ப்பது ஒட்டாது, ஏனெனில் விரைவாக ஓடி வருபவர் தற்செயலாக வந்தவர் போல நடிக்க முடியாது. அமெரிக்காவில் 'சாடில் அப் டு த பார்' என்று எழுதுகிறவர்களையும் காணலாம். மதுக்கடையின் நீண்ட மேசையருகே போய்ச் சேர்வதைச் சொல்ல வேண்டிய இடத்தில், ஒலி ஒற்றுமையால் குதிரைச் சேணம் உள்ளே நுழைந்துவிட்டது. படித்தால் பொருள் புரியும், ஆனால் பின்பற்ற வேண்டாம்.

தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதற்குச் சூழலே வழிகாட்டி. காரியம் சாதிக்க வருபவர் என்றால் 'நைசாகப் பக்கத்தில் வந்து நின்றார்' என்பது பேச்சு வழக்குக்கு ஒத்துவரும். எழுத்து வழக்கில் 'ஏதுமறியாதவர் போல மெல்ல அருகே வந்தார்' என்று விரிக்கலாம். கூச்சம் காரணமென்றால் 'தயங்கித் தயங்கி ஒட்டி வந்து நின்றாள்'. அச்சம் என்றால் 'பம்மிப் பம்மி வந்தான்' என்பது தென்மாவட்டக் கதைகளுக்குப் பொருந்தும். வெளியேறுவதைச் சொல்லும் 'சைடில்ட் அவுட்' என்பதற்கு 'நழுவினான்' என்ற நம் ஒற்றைச் சொல் ஆங்கிலத்துக்குச் சளைத்ததே இல்லை. இடுக்கான வழியில் உடலைத் திருப்பிக்கொண்டு போவது மட்டுமே பொருளானால் 'ஒருக்களித்து நுழைந்தான்' என்று எழுதலாம். அகராதி தந்த 'பக்கவாட்டில் நகர்' என்ற பொருளுக்கு நேரடி வேலை இருப்பது அந்த இடத்தில்தான். மூலம் நியூசிலாந்து மலைத்தடக் குறிப்பு என்றால் இவை எதுவும் வேண்டாம். 'தடம் சரிவை ஒட்டியே சுற்றிச் செல்கிறது' என்று எழுதிவிட வேண்டும்.